பிள்ளை வியாதிப்படுக்கையில் கிடக்கும்போது...

குடும்பப் பாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 4:18-37, மாற்கு 5:21-43, மாற்கு 9:14-29



பெரியவங்க படுத்தால் வீட்டில் ஒரு வேலை நிற்கும். பிள்ளை படுத்தால் வீடே நின்றுபோகும். அடுப்பு எரியாது. அப்பன் வேலைக்குப் போக மாட்டான். ஆத்தாளுக்குத் தூக்கம் வராது. பாட்டி மூலையில் உட்கார்ந்து, "இந்தக் கிழத்தை எடுத்துக்கிட்டு அந்தப் பிஞ்சை விட்டுடக் கூடாதா?" என்று அழுவாள். இண்டூரிலும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலும் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஜெபிக்கப் போகாத ஊழியக்காரன் இல்லை.

சூனேம் ஊர்ப் பிள்ளையைப் பாருங்கள். அப்பா அறுவடை வயலில் இருக்கிறார். பையன் தலைவலி என்று துடிக்கிறான். அப்பா செய்தது என்ன? அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் அவன் தாயின் மடியில் இருந்தான். நம் வீடுகளிலும் இதே காட்சிதானே! அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை இங்கே அம்மா மடியில். முழு பாரமும் ஒருத்தி தலையில்.

இந்தப் பாடத்தில் சிறு பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகமாக வருவது அதுதான். விசுவாசிகளின் வீடுகளில் அதிகக் குழப்பம் உண்டாக்குவதும் அதுதான்.

1. வியாதியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே வெள்ளை அணுக்கள் முதிர்ச்சி அடையாமலே கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன. களை மண்டிய ராகிக் கொல்லையைப் போல! களை பெருகினால் பயிருக்கு இடம் ஏது? சிவப்பு அணு குறைகிறது, பிள்ளை வெளுத்துப்போகிறது. தட்டணு குறைகிறது, ஈறில் இரத்தம் கசிகிறது, அடிபடாமலே தோலில் நீலத்திட்டு வருகிறது. நல்ல வெள்ளை அணு இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை நடக்க மறுக்கும். கழுத்தில் கட்டி தென்படும்.

பயப்படாதீர்கள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கெல்லாம் இந்த வியாதி இல்லை. ஆயிரம் காய்ச்சலில் அநேகமாக எல்லாமே சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் மேலே சொன்ன அடையாளங்கள் சேர்ந்து வந்தால், அல்லது காய்ச்சல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். மஜ்ஜை எடுத்தால் பிள்ளை முடமாகிவிடும் என்று பேசுவார்கள். அது பொய்.

2. யார் செய்த பாவம்?

பிறவிக் குருடனைப் பார்த்தவுடனே சீஷர்கள் கேட்ட கேள்வி இதுதான். இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா? இரண்டுமில்லை என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9:3). ஆண்டவர் மூடிவைத்த அந்தக் கேள்வியை நாம் ஏன் திரும்பவும் திறக்கிறோம்?

பிள்ளைக்கு வியாதி என்று தெரிந்ததும் விரல்கள் எல்லாம் தாயை நோக்கித்தான் நீளும். "உன் வயித்துல வந்த வினை", "மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்னியோ", "யாரோ செய்வினை வச்சுட்டாங்க". உறவுக்காரர் இப்படிப் பேசுகிறார்கள் என்றால், சபைக்கு வந்தால் அங்கே வேறு விதமாகப் பேசுகிறோம்: "வீட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்கு சகோதரி, அறிக்கை செய்யுங்க." ஏற்கெனவே உடைந்துபோனவளை இன்னும் நொறுக்குகிறோமே!

தெளிவாகக் கேளுங்கள். இந்த வியாதி ஒட்டுவாரொட்டி அல்ல. தாய்ப்பாலில் வந்ததல்ல. கண்ணேறு அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏன் வந்தது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. பெற்றவர்கள் முன்கூட்டியே எதையாவது செய்து தடுத்திருக்கவும் முடியாது. தாயே, நீ குற்றவாளி அல்ல. இதை உன் புருஷன் வாயால் நீ கேட்க வேண்டும். சகோதரனே, இன்றைக்கே அதை அவளிடம் சொல்லும்.

3. மருந்து வந்த வழி

"ஏன் பாஸ்டர், ஊசி போட்டுக்கிட்டா விசுவாசம் இல்லாதவங்களா?" இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். வேதத்தைத் திறந்து பதில் பார்ப்போம். எசேக்கியா அழுது ஜெபித்தான். பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பேன் என்று வாக்கும் வந்தது. ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தமும் அத்திப்பழமும் ஒரே வீட்டில்! பவுலோடு பயணம் செய்த லூக்கா யார்? வைத்தியன் (கொலோசெயர் 4:14). அடிபட்டவனுக்கு நல்ல சமாரியன் முதலில் செய்தது என்ன? எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினது.

இந்த வியாதிக்கு மருந்து எப்படி வந்தது தெரியுமா? அதில் நம் மெட்ராசுக்கும் பங்கு உண்டு. எல்லப்பிரகத சுப்பாராவ் 1895-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். அவர் அண்ணன் கடுமையான வயிற்றுப்போக்கு வியாதியில் இறந்துபோனார். 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போய், ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலையாளாக இருந்துகொண்டே படித்தார். அவர் கடலுக்கு அப்பால் இருந்த காலத்தில், ஊரில் அவருடைய ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன்னே கிருமித் தொற்றினால் இறந்தது. அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் லெடர்லி கம்பெனியில் அவர் நடத்தின ஆராய்ச்சிக் குழுவிலிருந்துதான் கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசின் என்ற மருந்து வந்தது. ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்ததும் அதே குழு. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் அடக்கின அமினோப்டெரின் என்ற மருந்தும் அங்கிருந்தே வந்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அந்த மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் அவர் எழுதின அறிக்கையில் 16 பிள்ளைகள். அவர்களில் 10 பேருக்கு வியாதி தணிந்தது. சில மாதங்கள்தான். பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதுவரை வாரக்கணக்கில் மரித்துப்போன பிள்ளைகள் எழுந்து விளையாடினதை உலகம் முதல்முறை பார்த்தது! அந்த வருஷமே ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

அதே 1948-ல் 12 வயதுப் பையன் ஒருவனை 'ஜிம்மி' என்று பெயர் வைத்து ரேடியோவில் பேசவைத்துப் பணம் திரட்டினார்கள். அவனுக்கு இருந்தது குடலில் வந்த வேறொரு புற்று. ஐனார் குஸ்டாஃப்சன் என்பது அவனுடைய உண்மைப் பெயர். பிழைக்கமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் 2001 வரை, 65 வயது வரை வாழ்ந்தார்! 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இன்றைக்கு வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

சுப்பாராவ் நம் சபையார் அல்ல. ஆனால் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிற பிதாவுக்கு, யார் கையிலிருந்து மருந்தை அனுப்புவது என்று நாமா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

4. நடுவழியில் நிறுத்தாதீர்கள்!

தேவஜனமே, இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இந்த வியாதிக்கு வைத்தியம் இரண்டு முதல் மூன்று வருஷம். முதல் மாதம் ஆஸ்பத்திரியிலேயே கடுமையான மருந்து. முதுகுத் தண்டில் ஊசி. முடி கொட்டும், வாய் புண்ணாகும். ஆனால் அந்த முதல் மாத முடிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரத்தத்தில் வியாதி தெரியாது. முகத்தில் களை வந்துவிடும். பசி எடுக்கும். ஓடி விளையாடும். அங்கேதான் கண்ணி இருக்கிறது! "புள்ள நல்லாயிட்டான், இனிமே எதுக்கு மருந்து?" என்று வீட்டில் சொல்வார்கள். கையில் பணமும் தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், மருந்தைத் தொட்டா அவிசுவாசம்" என்று சொன்னால் போதும், பை மூட்டை கட்டிவிடுவார்கள்.

களையை மேலே அறுத்தால் போதுமா? வேர் மண்ணுக்குள்ளே இருக்கிறது. நிறுத்தினவர்களுக்கு வியாதி திரும்ப வருகிறது. திரும்பி வந்ததை அடக்குவது முதல் தடவையைவிட மிகவும் கடினம். ஏழை நாடுகள் பலவற்றில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணங்களில் ஒன்றாக அது சொல்வது, வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், பிள்ளை மட்டும் வீட்டில்!

"அப்போ அற்புதத்தை நம்பாதீங்கன்னு சொல்றீங்களா?" இல்லவே இல்லை. நான் நம்புகிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் குஷ்டரோகியைச் சுகமாக்கின இயேசு அவனிடம் என்ன சொன்னார்? போய் ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்கச் சொன்னார் (மத்தேயு 8:4). அந்த நாளில் குஷ்டத்தைப் பரிசோதித்துச் சொல்கிற அதிகாரம் ஆசாரியனிடத்தில்தான் இருந்தது. ஆண்டவருடைய அற்புதம் பரிசோதனைக்குப் பயப்படவில்லை! கர்த்தர் சுகமாக்கியிருந்தால் டாக்டரின் ரிப்போர்ட்டும் அதைச் சொல்லும். மருந்தை நிறுத்துகிற நாளை டாக்டர் சொல்லட்டும். சாட்சி சொல்லுகிற நாளை நாம் வைத்துக்கொள்வோம்.

5. வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

யவீருவின் மகளை எழுப்பின ஆண்டவர் கடைசியாகச் சொன்னது எது? பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). மரணத்தை ஜெயித்தவர் சோற்றை மறக்கவில்லை! ஆகவே சின்னக் காரியங்களை அற்பமாக எண்ணாதிருங்கள்.

(அ) வைத்தியம் நடக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசரம். இராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும், ஜெபிச்சுக்கிட்டு இருப்போம்" என்று காத்திராதீர்கள். வண்டியில் போகும்போதே ஜெபிக்கலாம்.

(ஆ) கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், அப்போது சமைத்த சூடான சாப்பாடு. தொடுகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

(இ) கூட்டம் ஆகாது. இருபது பேர் வீட்டுக்குள் நுழைந்து, எல்லாரும் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டியதில்லை. இருமல், சளி உள்ளவர்கள் வாசலில் நின்று ஜெபியுங்கள். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே சுகமாக்கினவருக்கு உங்கள் வாசல் தூரமா?

(ஈ) பிள்ளையை உபவாசம் இருக்கவைக்காதீர்கள். உபவாசம் பெரியவர்கள் இருக்கட்டும்.

(உ) மாத்திரைகளில் ஒன்று தினமும், இன்னொன்று வாரம் ஒரு தடவை என்று கொடுப்பார்கள். வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் எழுதி, கொடுத்தவுடன் அடித்துவிடுங்கள். நாட்டு மருந்து, வேர், பஸ்பம் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

(ஊ) பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசி வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப்போனால், அடுத்த முறை அது உங்களை நம்பாது. "கொஞ்சம் வலிக்கும் கண்ணு, அம்மா கையைப் புடிச்சுக்கோ" என்று சொல்லுங்கள்.

(எ) மற்ற பிள்ளைகளை மறக்காதீர்கள். தம்பிக்கு வியாதி என்றதும் அக்காவைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறோம். "நான் அவனை அடிச்சதாலதான் இப்படி ஆச்சா?" என்று அவள் தனியாக அழுதுகொண்டிருப்பாள். கேட்டுப் பாருங்கள்.

6. நான்கு பேர் எங்கே?

திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்தார்கள் (மாற்கு 2:3). கூரையைப் பிரித்தார்கள். அந்த நான்கு பேருக்குப் பெயர் இல்லை. சபைக்கும் அப்படிப்பட்டவர்கள் தேவை.

ஒருவர் காகித வேலையைச் சுமக்கட்டும். 2012-ல் தொடங்கின முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கும் வைத்தியம் உண்டு. 2022-ல் புதுப்பித்தபோது குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு என்று வைத்தார்கள். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டும். பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாயால் அலைய முடியுமா? புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

இரண்டாவது ஆள் வாலிபர் கூட்டத்திலிருந்து வரட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு இரத்தமும் தட்டணுவும் அடிக்கடி தேவை. தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடை இருந்து, ஆரோக்கியமாயிருந்தால் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. தம்பிமாரே, இரத்தத்தைக் குறித்துப் பாடுகிறீர்கள்; கொஞ்சம் இரத்தம் கொடுங்கள்!

மூன்றாவது ஆள் வீட்டைப் பார்க்கட்டும். மாட்டுக்குத் தண்ணீர், தக்காளிக்குப் பறிப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சோறு.

நான்காவது ஆள் செலவைப் பார்க்கட்டும். வைத்தியம் இலவசமானாலும் செலவு இருக்கிறது. தர்மபுரி போய், அங்கிருந்து வேலூருக்கோ, சென்னைக்கோ, பெங்களூருக்கோ மாசக்கணக்கில் போய் வர வேண்டும். அப்பாவின் கூலி நின்றிருக்கும். அந்த நேரத்தில்தான் வட்டிக்காரன் வாசலில் நிற்பான். சமாரியன் இரண்டு வெள்ளிக்காசை சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தான் ஏற்றான் (லூக்கா 10:35). நம் காணிக்கைப் பெட்டியில் ஒரு பகுதி இதற்கென்று இருக்கட்டும்.

7. பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கொண்டால்?

இதைப் பற்றிப் பேச நாம் பயப்படுகிறோம். ஆனால் வேதம் பயப்படவில்லை. தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்தான். உபவாசித்தான். பிள்ளை மரித்துப்போயிற்று. பின்பு எழுந்து குளித்தான், தேவாலயத்துக்குப் போனான், சாப்பிட்டான் (2 சாமுவேல் 12). அவனுடைய ஜெபம் குறைவாயிருந்தது என்று வேதம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எல்லா வைத்தியமும் செய்து, எல்லா ஜெபமும் செய்து, பிள்ளை போய்விட்டால், அந்தப் பெற்றோரிடம் "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்லாதீர்கள். அது அவர்களை இரண்டாம் முறை கொல்லுவது. மாற்கு 9-ல் வருகிற தகப்பன் தன் அவிசுவாசத்தை மறைக்காமல் அழுதான். ஆண்டவர் அவனைத் துரத்தவில்லை. யோபின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போனார்கள்! பேச வார்த்தை இல்லையா? உட்காருங்கள். சோறு கொண்டுபோங்கள். முப்பது நாள் கழித்து எல்லாரும் மறந்த பிறகு திரும்பவும் போங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெற்றவளுக்கு அந்தப் பெயரைக் கேட்க ஆசை.

துக்கம் வீணாகப் போவதில்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மாளின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தக் கண்ணீரிலிருந்துதான் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பிற்று. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மரிக்கும் வரை ஏழைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு வேலூரில் தொடங்கின ஊழியம் இன்று எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி! நம் தர்மபுரி மாவட்டத்திலேயே சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கியைப் பாருங்கள். 1000 குழந்தை பிறந்தால் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த இடம். 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். மலைப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். அந்த எண்ணிக்கை 20 அளவுக்கு இறங்கிற்று. யாரோ ஒருவருடைய பிள்ளை சாகக் கூடாது என்று வேறு யாரோ அழுதிருக்கிறார்கள்!

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க

1. நம் தெருவில், நம் சபையில் வியாதியாயிருக்கிற பிள்ளை யார்? கடைசியாக எப்போது அந்த வீட்டுக்குப் போனோம்?
2. அந்தத் தாயிடம் நாம் சொன்ன வார்த்தை பாரத்தைக் குறைத்ததா, கூட்டிற்றா?
3. நான்கு பேரில் நான் யார்? காகிதமா, இரத்தமா, வீட்டு வேலையா, பணமா?
4. மருந்தைப் பாதியில் நிறுத்தின பிள்ளை யாராவது நமக்குத் தெரிந்து இருக்கிறதா? இந்த வாரமே போய்ப் பேசி, ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூட்டிப்போக நாம் ஆயத்தமா?

ஜெபம்: சிறு பிள்ளைகளைக் கையில் ஏந்தின ஆண்டவரே, இராத்திரி விழித்திருக்கிற தாய்மாருக்குப் பெலன் தாரும். தூரத்தில் கூலி வேலை செய்கிற தகப்பன்மாரைத் தேற்றும். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஞானம் தாரும். மருந்தை ஆசீர்வதியும். பாதி வழியில் சோர்ந்துபோனவர்களுக்குக் கடைசி நாள் வரை நடக்கக் கிருபை தாரும். எங்களைச் சுமக்கிறவர்களாக்கும். ஆமென்.